மெத்தையின் உறைக்குள்ளே இருப்பது என்ன?

வியாபாரச் சகோதரர்களே, சில வருடங்களாக வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் தளபாடக் கடைகளில் வாடிக்கையாளர்கள் ஒரு புதுப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். “லேடெக்ஸ் ஹைபிரிட் மெத்தை இருக்குதா?” என்பதுதான் அது. பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். பணமும் அனுப்பியிருப்பார்கள். கேட்பவருக்கு அது என்ன பொருள் என்று தெரியாது. விற்கும் நம்மில் பலருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரியாமல் விற்றுப் பட்ட நட்டத்தையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் அறிந்து கொண்டதையும் இந்த வாரம் எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியிடம் 12 மெத்தைகளை முப்பது நாள் செக்குக்கு எடுத்தேன். ‘இயற்கை லேடெக்ஸ் ஹைபிரிட்’ என்று தங்க எழுத்தில் தைத்த அழகான உறை. உறையைத் தடவிப் பார்த்தேன், விரலால் அமத்திப் பார்த்தேன். அவ்வளவுதான் என் பரிசோதனை. அவற்றில் ஒன்றை ஒட்டுசுட்டானில் இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாங்கினார். அவருக்கு நீண்ட நாள் இடுப்பு வலி. “ரீச்சர், இது முழுக்க றப்பர் பால். பத்து வருசத்துக்கு அசையாது” என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் ஓய்வூதியப் பணத்தில் சேர்த்து வைத்ததைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது. “தம்பி, மெத்தை நடுவில பள்ளம் விழுந்திட்டுது. இரவில உருண்டு உருண்டு அதுக்குள்ளதான் போறன்.” நேரில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. உறைக்கு சிப் கிடையாது. அவரிடம் அனுமதி கேட்டு பிளேட்டால் ஒரு பக்கத் தையலைப் பிரித்தேன். கீழே ஸ்பிரிங். அதற்கு மேல் பழைய துணிகளை அரைத்து அழுத்திய ஒரு விரிப்பு. அதற்கு மேல் மூன்று அங்குல மஞ்சள் ஸ்பொன்ஞ். அதற்கும் மேல் அரை அங்குலத்துக்கு வெள்ளை றப்பர். அந்த அரை அங்குலத்துக்குத்தான் தங்க எழுத்து. கொழும்புக்கு அழைத்துக் கேட்டபோது அந்த வியாபாரி கொஞ்சமும் பதறவில்லை. “லேடெக்ஸ் இருக்குதுதானே நானா?” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. மேலே காய்ந்ததையும் உள்ளே ஈரத்தையும் வைத்த தானியக் குவியலின் சம்பவத்தை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மெத்தையும் அப்படிப்பட்ட ஒரு குவியல்தான். வாங்குபவர் பார்ப்பது உறையை மட்டும். உள்ளே இருப்பதை அவர் அறிவது எட்டு மாதம் கழித்து, தன் முதுகால்தான்.

12இல் 7 விற்றிருந்தேன். ஏழு வீட்டுக்கும் போனேன். நான்கு பேர் மெத்தையைத் திருப்பித் தந்து பணத்தை வாங்கிக் கொண்டார்கள். மூன்று பேர் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தால் போதும் என்றார்கள். கடையில் மீதி இருந்த ஐந்தையும் ‘ஸ்பொன்ஞ் வைத்த ஸ்பிரிங் மெத்தை’ என்று எழுதி ஒட்டி, அந்த விலைக்கே கொடுத்தேன். அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு வீட்டில் புதுத் துணி குறைவுதான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஏமாற்றும் வகையிலோ தவறாக வழிநடத்தும் வகையிலோ நடந்து கொள்வதைத் தடை செய்கிறது. மொத்த வியாபாரி சொன்னதைத்தான் சொன்னேன் என்று நாம் சமாதானம் சொல்லலாம். ஆனால் முறைப்பாடு முதலில் தேடி வருவது பற்றுச்சீட்டில் பெயர் உள்ள கடையைத்தான்.

சரி, உண்மையான பொருள் எப்படி இருக்கும்? லேடெக்ஸ் என்பது றப்பர் மரத்தின் பால். இதில் நம் நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலில் இருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போன விதைகளில் முளைத்த கன்றுகள்தான் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் போனால் மலை முழுக்க அந்த மரம்தான். போருக்குப் பிறகு நம் வவுனியாவிலும் றப்பர் நட்டுப் பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரன் நல்ல விலை கொடுத்து வாங்கும் லேடெக்ஸ் மெத்தைகளில் இலங்கையில் செய்தவையும் உண்டு. ‘இம்போட்டட்’ என்று சொன்னால்தான் நல்ல பொருள் என்று நம் ஆட்கள் நினைப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

மரத்தில் இருந்து இறங்கும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் றப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். அதை இயந்திரத்தில் சுழற்றி றப்பரை 60 வீதம் அளவுக்குக் கெட்டியாக்குவார்கள். பிறகு கேக்குக்கு முட்டை அடிப்பது போல அடித்து நுரையாக்கி, அச்சில் ஊற்றி, நீராவியில் வேக வைப்பார்கள். டன்லொப் நிறுவனத்தார் 1929இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த முறை இது. ஆகவே இதற்கு டன்லொப் முறை என்றே பெயர். அச்சில் இருக்கும் உலோக ஊசிகளால்தான் லேடெக்ஸில் வரிசை வரிசையாகத் துளைகள் விழுகின்றன. தலாலே என்று இன்னொரு முறை உண்டு. அதில் அச்சைப் பாதி நிரப்பி, காற்றை உறிஞ்சி நுரையை விரிய வைத்து, உறைய வைத்து, பிறகு வேக வைப்பார்கள். அது கொஞ்சம் மென்மை, விலையும் கூட. டன்லொப் கொஞ்சம் கனம், கொஞ்சம் உறுதி. எது சிறந்தது என்று விற்பனையாளர்கள் சண்டை பிடிப்பார்கள். நம் ஊர் வாடிக்கையாளருக்கு நல்ல டன்லொப் போதும் என்பது என் கருத்து.

ஹைபிரிட் என்றால் கலப்பு. கீழே ஸ்பிரிங், மேலே இரண்டு அல்லது மூன்று அங்குலத்துக்கு லேடெக்ஸ். ஸ்பிரிங்கிலும் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் எல்லா ஸ்பிரிங்கையும் கம்பியால் ஒன்றோடொன்று கட்டியிருப்பார்கள். கணவர் புரண்டால் மனைவியும் ஆடுவார். பொக்கட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும். பாரம் விழும் இடம் மட்டும் அமிழும். ஹைபிரிட் என்று விலை கேட்பவர் பொக்கட் ஸ்பிரிங் கொடுக்க வேண்டும். கட்டுக் கம்பிக்கு அந்த விலை இல்லை.

இப்போது சோதனைக்கு வருவோம். நம்மிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் தராசு இருக்கிறது. டன்லொப் லேடெக்ஸ் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ 65 முதல் 90 கிலோ வரை நிறை வரும். கடைகளில் வரும் சாதாரண ஸ்பொன்ஞ் 20, 25, மிஞ்சினால் 40 கிலோ. 75க்கு 36 அங்குல ஒற்றை மெத்தையில் மூன்று அங்குல லேடெக்ஸ் அடுக்கு என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த அடுக்கு மட்டும் ஏறத்தாழ 9 முதல் 12 கிலோ வர வேண்டும். அதே அளவு ஸ்பொன்ஞ் மூன்று நான்கு கிலோதான். ஆகவே வழங்குநரிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல. லேடெக்ஸ் அடுக்கு எத்தனை அங்குலம், எத்தனை கிலோ, எழுதித் தருவீர்களா என்று கேட்கிறேன். உண்மையான சரக்கு வைத்திருப்பவர் உடனே எழுதித் தருவார். மற்றவர் “நானாவுக்கு நம்பிக்கை இல்லையா?” என்பார்.

நிறையிலும் கள்ளம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பாலில் சுண்ணாம்புத் தூளோ களிமண் தூளோ கலந்தால் நிறை கூடும். அப்படிக் கலந்தது சீக்கிரம் துவண்டுவிடும். கையால் நன்றாக அமத்தி விடுங்கள். நல்ல லேடெக்ஸ் விட்ட கணமே எழும்பும். ஓரத்தைக் கசக்கினால் தூள் கையில் ஒட்டக் கூடாது. இன்னொன்று, பெற்றோலியத்தில் இருந்து செய்யும் செயற்கை லேடெக்ஸும் சந்தையில் உண்டு. அதுவும் லேடெக்ஸ்தான், இயற்கை அல்ல. இரண்டையும் கலந்தும் செய்வார்கள். ‘லேடெக்ஸ்’ என்று எழுதியிருப்பதும் ‘100 வீதம் இயற்கை லேடெக்ஸ்’ என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. தும்பில் றப்பர் பாலைத் தெளித்துச் செய்த மெத்தையையும் சிலர் லேடெக்ஸ் மெத்தை என்று சொல்லி விற்கிறார்கள். றப்பர் தும்பு மெத்தை நல்ல பொருள். சூட்டுக்கு உகந்தது, விலையும் குறைவு. அதை அதன் பெயரிலேயே விற்கலாமே. ஜீஓஎல்எஸ் என்ற சான்றிதழ் காட்டினால், மூலப் பொருளான பாலில் குறைந்தது 95 வீதம் இயற்கை விவசாயச் சான்று பெற்ற தோட்டத்துப் பால் என்று அர்த்தம். சான்றிதழில் உள்ள நிறுவனத்தின் பெயரும் காலாவதித் திகதியும் சரியா என்று பாருங்கள். போட்டோ கொப்பி எடுத்த தாள் யாரிடமும் இருக்கும்.

சிப் வைத்த உறை உள்ள மெத்தையையே இப்போது நான் எடுக்கிறேன். கடையில் வைத்தே வாடிக்கையாளருக்குத் திறந்து காட்டலாம். இது மாதிரி நம்பிக்கை தரும் விளம்பரம் வேறில்லை.

உள்ளே இருப்பது நல்ல பொருள் என்று உறுதியான பிறகும் வேலை முடியவில்லை. அது யாருக்கு? முன்பெல்லாம் நான் கேட்ட ஒரே கேள்வி, கட்டிலின் அளவு என்ன என்பது. இப்போது எப்படிப் படுப்பீர்கள் என்று கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள், பெண்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். காரணத்தைச் சொன்னால் பதில் வரும்.

ஒருபக்கம் சாய்ந்து படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் வெளியே தள்ளி நிற்கும் இடங்கள். மெத்தை கல்லாக இருந்தால் அவை அமிழாது. தோள் வலிக்கும், கை விறைக்கும், இடுப்புக்கும் விலாவுக்கும் நடுவில் முதுகெலும்பு தொங்கும். அவருக்கு மேல் அடுக்கு மென்மையான லேடெக்ஸ், மூன்று அங்குலம் நல்லது. நம்மவர்களில் பலர் வலப்பக்கம் சாய்ந்து படுத்துப் பழகியவர்கள். ஆகவே நம் வாடிக்கையாளருக்குக் கடினமான மெத்தைதான் சரி என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்வது தவறு. மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தர உறுதி. குப்புறப் படுப்பவருக்கு உறுதியானது, லேடெக்ஸ் இரண்டு அங்குலம் போதும். மென்மையானதில் வயிறு அமிழ்ந்து இடுப்பு வளையும். அந்தப் பழக்கத்தையே விடச் சொல்லலாம், ஆனால் அது மெத்தைக் கடைக்காரனின் வேலை அல்ல.

உடல் நிறையும் சேர வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு உறுதியாகத் தெரியும் மெத்தை 90 கிலோ உள்ளவருக்குப் பஞ்சு. அம்மா படுப்பதற்கு மகன் வந்து படுத்துப் பார்த்து வாங்கிப் போவது நம் ஊரில் வழக்கம். நான் இப்போது அம்மாவையே கூட்டி வரச் சொல்கிறேன். வர முடியாதவர் என்றால் அவருடைய நிறையையும் படுக்கும் விதத்தையும் கேட்டு எழுதிக் கொண்டு வரச் சொல்கிறேன்.

கடையில் படுத்துப் பார்ப்பதென்றால் ஒரு நிமிடம் போதாது. பத்து நிமிடமாவது படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தவரின் இடுப்புக்குக் கீழே அவருடைய கையையே நுழைக்கச் சொல்லுங்கள். தாராளமாகப் போய் வந்தால் அது அவருக்குக் கடினம். நுழையவே மறுத்தால் அவர் அதிகம் அமிழ்கிறார். கொஞ்சம் இறுக்கமாகப் போனால் சரி. சாய்ந்து படுப்பவரை அவருடைய வீட்டார் ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். கழுத்தில் இருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேராகப் போக வேண்டும். இதற்காகக் கடையின் பின்பக்கம் ஒரு திரை போட்டிருக்கிறேன். பெண்கள் சங்கடமில்லாமல் படுத்துப் பார்க்கிறார்கள். அந்தத் திரையால் விற்ற மெத்தைகள் ஏராளம்.

முதுகு வலிக்காரருக்குப் பலகை மாதிரி மெத்தைதான் நல்லது என்பது நம் ஊரில் வேரூன்றிய பேச்சு. ஸ்பெயினில் நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிப் பேருக்குக் கடினமான மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தர உறுதியானது. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது நடுத்தர உறுதியில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ரீச்சருக்கு மாற்று மெத்தை தேர்ந்தபோது நான் நம்பியது இதைத்தான்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. வன்னியில் கடை வைத்திருப்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். போரில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருப்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டார் நம்மிடம் வந்து, ‘நல்ல மெத்தை, படுக்கைப் புண் வராத மெத்தை’ என்று கேட்பார்கள். ஒரு தாய் என்னிடம் அப்படி வந்தார். மாங்குளத்தில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். விலை உயர்ந்ததையே தாருங்கள் நானா, காசு ஒழுங்கு பண்ணிட்டன் என்றார். அந்த இடத்தில் விற்பது மிகச் சுலபம். நான் விற்கவில்லை. உணர்வில்லாத உடம்புக்கு மெத்தை வலிக்காது, அதனால் புண் ஆழமாகப் போகும் வரை தெரியாது. அவர்களுக்கு எந்த மெத்தை, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை வைத்தியரும் இயன்மருத்துவரும்தான் சொல்ல வேண்டும். காற்று மெத்தை வேண்டியிருக்கலாம். லேடெக்ஸ் புண்ணைத் தடுக்கும் என்று நாம் சொல்லிவிட்டால், அந்தத் தாய் புரட்டுவதைக் குறைத்துவிடக் கூடும். முதலில் வைத்தியசாலையில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் பிறகு என் கடைக்கு வரவில்லை. வேறெங்கும் வாங்கினாரோ, கேட்டாரோ, நினைவு வரும்போதெல்லாம் மனது கொஞ்சம் அடிக்கும்.

அதேபோல, றப்பர் கையுறை போட்டால் தோல் தடிக்கிறவருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கலாம். அதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

இனிப் பராமரிப்பு. இதில்தான் நல்ல மெத்தையும் நம் ஊரில் பாழாகிறது. 1990இல் முல்லைத்தீவில் இருந்து புத்தளத்துக்குப் போன என் குடும்பம் வருடக்கணக்கில் பாயில் படுத்தது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்த சனமும் பாயில்தான் படுத்தது. பாயைத் தினமும் வெயிலில் உதறிக் காய வைத்துப் பழகியவர்கள் நாங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டி, முதன்முதலில் கட்டிலும் மெத்தையும் வாங்கியவர் அதையும் முற்றத்தில் வெயிலில் போடுகிறார். லேடெக்ஸுக்கு வெயில் விஷம். சூரிய ஒளி பட்டால் றப்பர் பழுப்பாகி, இறுகி, உதிர ஆரம்பிக்கும். இதை நானே என் கடையில் கண்டேன். காட்சிக்கு வைத்த ஒரு லேடெக்ஸ் விரிப்பின் மூலையில் மேற்கு வெயில் பட்டுக் கொண்டிருந்தது. ஒரு கோடைக்குள் அந்த மூலை பிஸ்கட் போல உடைந்தது. நிழலில், காற்றில் நிமிர்த்தி வைத்தால் போதும். தகரக் கூரைக்குக் கீழே சரக்கு அடுக்குபவர்களும் கவனிக்கவும்.

அடுத்தது பொலித்தீன். அழுக்குப் படாமல் இருக்கட்டும் என்று வாங்கிய பொலித்தீன் உறையோடேயே வருடக்கணக்கில் படுப்பவர்கள் நம்மிடம் அதிகம். துளை வழியாகக் காற்றோடும் என்பதற்காகத்தான் வன்னிச் சூட்டுக்கு இந்த மெத்தையைச் சொல்கிறோம். பொலித்தீனைப் போட்டு அதை மூடினால் வியர்வை உள்ளே தங்கி, மணம் வந்து, பூஞ்சணம் பிடிக்கும். பருத்தி உறை ஒன்றைக் கூடவே கொடுத்து, பொலித்தீனை நம் கையாலேயே கிழித்து எடுத்துவிட்டு வருவது நல்லது. சீமெந்துத் தரையில் நேரடியாகப் போட்டாலும் இதே கதிதான். கட்டிலின் பலகைகளுக்கு இடையில் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், ஒரு பலகை கூட அடிக்கச் சொல்லுங்கள்.

ஏற்றி இறக்குவதில் ஒரு சொல். முழு லேடெக்ஸ் மெத்தையை அளவோடு சுருட்டலாம். ஹைபிரிட்டை மடித்துக் கயிறு போட்டு லான்ட்மாஸ்டரில் கட்டினால் ஸ்பிரிங் வளைந்துவிடும். புதுக்குடியிருப்புக்கோ துணுக்காய்க்கோ அனுப்புவதென்றால் படுக்க வைத்து, அல்லது நீளப் பக்கமாக நிமிர்த்தி அனுப்ப வேண்டும். அந்த லொறிக் கூலியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். பிறகு கேட்டால் மனக்கசப்பு.

உத்தரவாத அட்டையில் ‘10 வருடம்’ என்று பெரிதாக இருக்கும். எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள், ஏற்றுக் கூலி யாருடையது என்பது சிறிய எழுத்தில் இருக்கும். அதை வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டிவிட்டே நான் இப்போது கையெழுத்து வைக்கிறேன். பற்றுச்சீட்டிலும் ‘பொக்கட் ஸ்பிரிங், மேல் அடுக்கு மூன்று அங்குல இயற்கை லேடெக்ஸ்’ என்று முழுமையாக எழுதுகிறேன்.

ரீச்சருக்குக் கொடுத்த மாற்று மெத்தை, நடுத்தர உறுதி, மூன்று அங்குல லேடெக்ஸ். அவர் சாய்ந்து படுப்பவர், நிறை 58 கிலோ. இவை இரண்டும் முதல் தடவை நான் கேட்காத விபரங்கள். போன மாதம் தன் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்று அழைத்தார். மெத்தை எப்படி என்று கேட்டேன். பள்ளம் ஒன்றும் இல்லை, ஆனால் இரவில் கொஞ்சம் வேர்க்கிறது என்றார். பொலித்தீனைக் கழற்றினீர்களா ரீச்சர் என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமே இல்லை. “புதுசு தம்பி, ஊத்தையாகிப் போயிடும் எண்டு வச்சிருக்கிறன்” என்றார். தங்கையின் மெத்தையை இறக்கும்போது அதையும் நானே கழற்றிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.